தெருவைத் தாழ்த்திய தேர்தல்

“நான் கவுன்சிலரா வந்தா, ஆறே மாசத்துல பருவநிலை மாற்றத்த நம்ம வார்டுக்குக் கொண்டு வந்து காட்டுதேன்.”

இவ்வாறு வாக்களித்தவர் வேட்பாளர் செல்வராஜ் அவர்கள். இரும்புக்கடை நடத்துகிறவர், நல்ல மனிதர். இவ்வாண்டு உள்ளாட்சித் தேர்தலின்போது, எங்கள் கிட்டங்கித் தெரு முனையில் ஆட்டோவை நிறுத்தி, அதில் கட்டியிருந்த ஒலிபெருக்கியின் வழியாக இந்த உறுதிமொழியை வழங்கினார். கூடியிருந்தோர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஒருவர் ‘கொண்டு வருவேன்’ என்றால் கைதட்டிவிடுவது நமது மரபு. எதைக் கொண்டு வருகிறார் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

என் அருகில் நின்ற ஜெசிந்தா மட்டும் தட்டவில்லை. எங்கள் தெருவின் தையற்காரப் பெண்மணி அவர். கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஜாக்கெட்டும் பள்ளிச் சீருடையும் தைத்து, குடும்பத்தின் மறுபாதியை ஜெசிந்தா இழுக்கிறார்.

“அது ஏற்கெனவே வந்துட்டுல்லா அண்ணாச்சி” என்றார் மெல்ல. “வந்து எங்க வீட்டுக் கட்டில்ல நாலஞ்சு நாளு படுத்துக் கெடந்துட்டுல்லா போச்சு. இவரு வேற தனியா ஒண்ணக் கூட்டிட்டு வாராராக்கும்.”

அவர் குறிப்பிட்டது, சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாவட்டத்தையே மூழ்கடித்த பெருமழையை. தூத்துக்குடிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மற்ற ஊர் அன்பர்கள், கட்டிலின் உயரத்தை மனத்தில் கொண்டு நீரின் அளவைக் கணித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

வேட்பாளரை மட்டும் குறைகூறுவது அறமன்று. எங்கள் ஊரின் வானிலை அரசியல் மிகவும் சிக்கலானது. உப்பளம் வைத்திருப்பவர் மழை கூடாது என்பார். கரிசல் காட்டில் உளுந்து விதைத்தவர் மழை வேண்டும் என்பார். படகுக்காரர் காற்று கூடாது என்பார். காற்றாலையில் பங்கு வைத்திருப்பவர் காற்று வேண்டும் என்பார். இந்த நால்வரிடமும் ஒரே மாலைப்பொழுதில் ஓட்டுக் கேட்டு வருகிறவர் என்ன கொள்கைதான் வைத்திருக்க முடியும்... ‘செஞ்சிருவோம்’ என்பதைத் தவிர?

ஆனால் ஜெசிந்தாவுக்கு ஒரு கொள்கை தேவைப்பட்டது. அவசரமாகத் தேவைப்பட்டது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் புதிய சாலை போடப்படும். எங்கே? பழைய சாலையின் தலைமேலேயே! சாலை உயர உயர, வசதி உள்ளவர்கள் வீட்டை இடித்து, இன்னும் உயரமாக அடித்தளம் எழுப்பிக் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் கட்டியதைப் பார்த்து அடுத்தவர் ஒரு சாண் கூடுதலாகக் கட்டினார். நான் கட்டியபோது, எதிர்வீட்டு மாடசாமியின் வாசலைவிட என் வாசல் உயரமாக இருக்க வேண்டும் என்று கொத்தனாரிடம் தனியாகச் சொல்லி வைத்தேன். எங்கள் தெருவில் மதிப்பு என்பது உயரத்தால் அளக்கப்படுவது.

ஜெசிந்தாவின் வீடு மட்டும் கட்டிய இடத்திலேயே இருந்தது. வீடு இறங்கவில்லை, தெரு ஏறிவிட்டது. அவர் வீட்டுக்குள் போகிறவர்கள் இறங்கித்தான் போக வேண்டும். உள்ளே நாற்காலியில் அமர்ந்து ஜன்னல் வழியே பார்த்தால், தெருவில் போவோரின் கால்கள் மட்டுமே தெரியும். ஆகவே அவர் தெருக்காரர்களை முகத்தால் அறிவதில்லை, காலால் அறிகிறார். “என்ன அண்ணாச்சி, செருப்பு வாரு அறுந்து போச்சா?” என்று உள்ளிருந்து குரல் வரும். நான் குனிந்து பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெருமழையில் அவருடைய மோட்டார் தையல் மெஷின் பழுதாயிற்று. தைத்து வைத்திருந்த சீருடைகள் சேறாயின. அதன்பிறகு பரணில் கிடந்த பழைய மிதி மெஷினை இறக்கித் தைத்து வருகிறார். இன்னும் ஒரு அடுக்குச் சாலை விழுந்தால், பெருமழை வேண்டாம், சாதாரண ஐப்பசித் தூறலே அவர் வீட்டுக்குள் குடிவந்துவிடும். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கலாம் என்றார்கள். கைக்கு எட்டாத காரியம். விற்றுவிடலாமா? பள்ளத்தை விலை கொடுத்து யார் வாங்குவார்?

அப்படிப்பட்ட வேளையில்தான், வேட்பாளர்கள் மூவரையும் ஒன்றாக அழைத்துக் கேள்வி கேட்பது என்று தெருவில் முடிவாயிற்று. கேள்வியை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலையில் சேர்ந்து, வாசகசாலைப் புண்ணியத்தில் நாலு எழுத்தைக் கோக்கக் கற்றவன் நான். கிடைத்த வாய்ப்பை நழுவவிடுவேனா? ஓர் இரவு முயன்று இவ்வாறு இயற்றினேன்: ‘மாறிவரும் பருவநிலையின் விளைவுகளினின்றும் இவ்வட்டாரத்தைக் காத்தற்பொருட்டுத் தாங்கள் வகுத்துள்ள கொள்கை யாது?’

ஜெசிந்தாவிடம் படித்துக் காட்டினேன்.

“பரிச்ச பேப்பரு மாரி இருக்கு அண்ணாச்சி. அடியில ‘விரிவாக விடையளி’ன்னு ஒண்ணு போட்ருங்க.”

“அப்படியானால் நீ எப்படிக் கேட்பாய்?”

“நான் கேக்க மாட்டேன். கூட்டத்த எங்க வீட்ல வச்சிக்கிடுங்க, போதும்.”

தெருவிலேயே சிறிய அறை அது. அங்கே எதற்கு? எனக்கு விளங்கவில்லை. எனினும், பந்தல் போட அனுமதி வாங்க வேண்டும் என்ற தொல்லை இல்லாததால் எல்லோரும் சம்மதித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து ஜெசிந்தா வந்ததும் கூட்டம் தொடங்கியது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் வேட்பாளர்கள் மூவர். நடுவில் தலைவனாக அடியேன். தெருக்காரர்கள் வெளியே நின்றபடி, வாசல் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் குனிந்து கேட்டார்கள். கிணற்றுக்குள் வாளி விழுந்துவிட்டால் சுற்றி நின்று எட்டிப் பார்ப்பார்களே, அவ்வாறு.

நான் எழுந்து கேள்வியை வாசித்தேன். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

முதலில் எழுந்தவர் ராஜேஸ்வரி டீச்சர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. “வீட்டுக்கு ஒரு வேப்பங்கன்னு தருவேன். அஞ்சு வருசத்துல நம்ம வார்டே சோலையாயிரும்” என்றார்.

“எங்கன டீச்சர் நடணும்?” என்று வெளியிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. “செவுருல இருந்து செவுரு வரைக்கும் ரோடுல்லா கெடக்கு. மொட்ட மாடில நட்ருவமா?”

டீச்சர் அமர்ந்துகொண்டார்.

அடுத்தவர் தம்பி பீர்முகம்மது. காயல்பட்டினத்தைச் சேர்ந்தவர், பல்லாண்டு வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து, இங்கே குளிர்சாதனப் பெட்டிக் கடை வைத்திருக்கிறார். “பெரிய மோட்டார் ஒண்ணு வாங்கிருவோம். எவ்ளோ மழ பேஞ்சாலும் இன்ஷா அல்லாஹ் ஒரு மணி நேரத்துல தண்ணி காலி.”

“தண்ணிய எங்க பாய் விடுவிய?” என்றது அதே பெண்குரல்.

“பின்தெருவுல.”

“நேத்து பின்தெருவுல பேசும்போது, இங்கன விடுதேன்னு சொன்னியளாமே?”

பீர்முகம்மது சிரித்துவிட்டார். சிரிக்கத் தெரிந்த வேட்பாளர் அரிய பிறவி என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மூன்றாவதாகச் செல்வராஜ் எழுந்தார். அவர் நாற்காலியை விட்டு எழுந்த விதத்திலேயே, மற்ற இருவருக்கும் இல்லாத ஒன்று தம்மிடம் இருக்கிறது என்ற பெருமிதம் தெரிந்தது.

“தண்ணி நிக்குது. ஏன் நிக்குது? ரோடு பள்ளமா கெடக்கு. அதனால நான் என்ன செய்யப் போறேன்னா... ரோட்ட இன்னும் ஒரு அடி ஒசத்திருவேன்.”

வெளியே கைதட்டல் எழுந்தது. உயர்ந்த வாசல்காரர்களின் கைதட்டல். மாடசாமி விசிலே அடித்தார்.

அந்த நேரத்தில்தான் தண்ணீர் லாரி வந்தது.

வாரந்தோறும் ஞாயிறு காலை வருகிற லாரிதான். ஜெசிந்தாவின் பெரிய டிரம் வாசலுக்கு நேரே, சாலையின் மேல் இருக்கும். அவர் எழுந்து போய்க் குழாயை டிரம்முக்குள் விட்டார். டிரம் நிறைந்தது. நிறைந்த பின்னும் குழாய் அங்கேயே இருந்தது. ஜெசிந்தா லாரிக்காரரிடம் அவர் மகளின் பூப்பு நீராட்டு விழா பற்றி அக்கறையோடு விசாரித்துக்கொண்டிருந்தார். வழிந்த நீர் சாலையில் சற்றே தயங்கியது. பிறகு தனக்குத் தெரிந்த ஒரே பள்ளத்தை நோக்கி வந்தது.

“...ஒரு அடி ஒசந்துட்டுன்னா ஒரு பொட்டுத் தண்ணி...” என்று பேசிக்கொண்டிருந்த செல்வராஜ், தம் பாதத்தைக் குனிந்து பார்த்தார். வேட்டியைத் தூக்கினார். நாற்காலியில் அமர்ந்து காலையும் தூக்கினார். பீர்முகம்மது வெளிநாட்டுக் காலணிகளைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். டீச்சர் சேலைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்தபடி, மிதி மெஷினின் பலகையில் இடம்பிடித்தார். கொள்கையால் வேறுபட்ட மூவரும் காலைத் தூக்கிக்கொள்வதில் முழுமையாக ஒன்றுபட்டார்கள். கூட்டத் தலைவன் என்ற முறையில் நான் மட்டும் நனைந்தேன்.

ஜெசிந்தா ஆற அமர உள்ளே வந்தார்.

“பயப்படாதிய. மழ இல்ல. ஒரு டிரம்மு தண்ணிதான்.”

பிறகு செல்வராஜின் பக்கம் திரும்பினார்.

“ரோட்ட ஒரு அடி ஒசத்துங்க அண்ணாச்சி. நான் தையல விட்டுட்டு மீன் வளத்துக்கிடுதேன். அவருக்கும் கடலுக்குப் போற அலைச்சல் மிச்சம்.”

“அப்ப என்னதான் செய்யணுங்க?” என்றார் செல்வராஜ். கால் இன்னும் மேலேதான் இருந்தது.

“புது ரோடு போடுங்க. வேண்டாங்கல. பழசச் சொரண்டி எடுத்துட்டுப் போடுங்க. அதுக்குன்னு மிஷினு இருக்காம்லா. பெரிய ரோட்டுல எல்லாம் போடுதாவ. எங்க ரோடு மட்டும் என்ன பாவஞ் செஞ்சுது?”

“செஞ்சிருவோம். சொரண்டிட்டே போடச் சொல்லுதேன்.”

“நான் அர அடி கூடவே சொரண்டச் சொல்லுவேன்” என்றார் டீச்சர் உடனே.

“நான் ஒரு அடி” என்றார் பீர்முகம்மது, காலணியை விடாமல்.

ஏலம் இப்போது கீழ்நோக்கிப் போயிற்று. இன்னும் சிறிது நேரம் விட்டிருந்தால் மூவரும் சேர்ந்து எங்கள் தெருவில் முத்துக் குளிக்கும் அளவுக்குப் பள்ளம் பறித்திருப்பார்கள்.

வெளியே முணுமுணுப்பு கிளம்பிற்று. “ஏ செல்வராசு, எங்க வாசலுக்கு ஏணியும் நீயே வாங்கித் தருவியா?” என்று மாடசாமி ஜன்னல் வழியே கேட்டார்.

ஜெசிந்தா அவர் கால்களைப் பார்த்துப் பதில் சொன்னார்: “மாடசாமி அண்ணாச்சி, இத்தன வருசமா நான் ஏறி எறங்குதேன். நீங்க ஒரு படி கூட எறங்குனா காலு தேஞ்சிருமோ?”

கால்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டன. உண்மையைச் சொன்னால், அந்த வினா என் வீட்டுப் படிகளுக்கும் பொருந்தும். தலைவனாக இருந்ததால் நான் பேசாதிருந்தேன். தலைமைப் பதவியால் கிடைக்கும் நன்மைகளுள் இதுவும் ஒன்று.

இதனிடையே, தையல் மெஷினின் மேல் சாய்த்து வைத்திருந்த கைபேசியை ஜெசிந்தா எடுத்து அணைத்தார். நடந்தது அனைத்தும் பதிவாகியிருந்தது. மாலைக்குள் வார்டு முழுவதும் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டது. மூன்று வேட்பாளர்களும் ஆறு கால்களும்... பிரசாரம் முழுவதிலும் மக்கள் விரும்பிப் பார்த்த காட்சி அதுதான்.

தேர்தலில் செல்வராஜ் வென்றார். மாலை, வெடி, ஊர்வலம், நன்றி. பிறகு வழக்கமான அமைதி.

வெயில் காலம் முடிகிற தறுவாயில் ஒரு நாள் காலை, ஜல்லி லாரியும் தார் கொதிக்கும் வண்டியும் தெருமுனையில் வந்து நின்றன. சுரண்டுகிற மெஷினைக் காணோம். மேற்பார்வையாளர் நிதானமாகச் சொன்னார்: “மேல போடத்தாங்க ஆர்டரு. சொரண்டுறதெல்லாம் எங்க வேலையில வராது.”

ஜெசிந்தா வீட்டுக்குள் போனார். மிதி மெஷினின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். மறுமுனையைத் தூக்க ஆள் வேண்டும். தெருவே வேடிக்கை பார்த்தது. கடைசியில் படியிறங்கி வந்து தூக்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மாடசாமி. “இடுப்பு பிடிச்சா நீதாம்ளா ஒத்தடம் குடுக்கணும்” என்று முனகிக்கொண்டே தூக்கினார். நான் முக்காலியைச் சுமந்தேன். மெஷின் நடுச்சாலையில் வைக்கப்பட்டது. ஜெசிந்தா அதில் ஒரு குடையைக் கட்டிவிட்டு, சீருடை தைக்கத் தொடங்கினார்.

தார் கொதித்தது. மெஷின் ஓடியது. மேற்பார்வையாளர் கைபேசியில் யார் யாரையோ அழைத்தார். ஒரு மணி நேரத்தில் வார்டு உறுப்பினர் செல்வராஜ் பைக்கில் வந்து இறங்கினார்.

“ஏளா ஜெசிந்தா, என்ன கூத்து இது?”

“கூத்து இல்ல அண்ணாச்சி, தையலு. உள்ள வெளிச்சம் பத்தல.” அவர் நிமிர்ந்து பார்த்தார். “என்ன, சட்டையில பட்டன் ஒண்ணு போயிருக்கு? கவுன்சிலரு இப்பிடியா வாரது? கழத்தித் தாங்க, ஒரு நிமிசத்துல தச்சித் தாரேன்.”

மத்தியானம் பெரிய அதிகாரிகளோடு கூட்டம் இருந்ததாலோ என்னவோ, அவரும் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அது அவர் அரசியல் வாழ்வில் செய்த ஒரே பிழை என்பது என் கருத்து. ஜெசிந்தா சட்டையை நான்காக மடித்தார். மடியில் வைத்துக்கொண்டார். மீண்டும் சீருடையைத் தைக்கலானார்.

“சட்ட?”

“தச்சிருவோம்.”

“எப்ப?”

“சொரண்டுத மிஷின் வந்ததும்.”

நடுத்தெருவில், பனியனோடு, மக்கள் பிரதிநிதி நின்றார். பள்ளிக்கூடப் பேருந்து ஒன்று அந்நேரம் பார்த்துத்தானா தெருமுனையைக் கடக்க வேண்டும்? மாடசாமி மிகுந்த மரியாதையோடு தம் வீட்டு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். “இருந்து பேசுங்க கவுன்சிலரே. வெயிலு நல்லாத்தான் இருக்கு.” நான் மோர் கொடுத்தேன்.

செல்வராஜ் ஒரு முறை ஜெசிந்தாவைப் பார்த்தார். ஒரு முறை அந்தப் பள்ளத்து வாசலைப் பார்த்தார். தமக்குள்ளாகவே சிரித்துக்கொண்டு கைபேசியை எடுத்தார். முதல் அழைப்பில் கெஞ்சினார். இரண்டாவதில் அதட்டினார். மூன்றாவதில், “நான் எந்த நெலமயில நிக்கேன்னு ஒமக்குத் தெரியுமாவே?” என்று உருக்கமாகக் கேட்டார். ஆட்சி இயந்திரம் எதற்கு அசையும், எதற்கு அசையாது என்று பெரிய நூல்களில் விளக்கியிருக்கிறார்கள். பனியனைப் பற்றி எவரும் எழுதியதாகத் தெரியவில்லை.

பிற்பகலில் சுரண்டுகிற மெஷின் வந்து சேர்ந்தது. உறுப்பினருக்குச் சட்டை கிடைத்தது. பட்டன் மட்டுமல்ல, கிழிந்திருந்த கைமடிப்பையும் ஜெசிந்தா தைத்துக் கொடுத்திருந்தார். கூலி வாங்கவில்லை.

மெஷின் எங்கள் சாலையை அடுக்கடுக்காக உரித்தது. கறுப்பாக ஓர் அடுக்கு. சாம்பல் நிறத்தில் ஓர் அடுக்கு. அதன் கீழே செம்மண் கலந்து ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு முன்னாள் உறுப்பினரின் சாதனை. அவர்கள் ஒவ்வொருவராகப் பெயர்ந்து லாரியில் ஏறிப் போவதைத் தெருவே நின்று பார்த்தது. ஜெசிந்தாவின் வாசலருகே ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து மெல்ல இறக்கினார். மண் விலகியது. அடியில் ஏதோ தட்டுப்பட்டது.

படிகள்.

வீடு கட்டிய காலத்தில் கட்டிய படிகள்! கிளிஞ்சல் பதித்த விளிம்போடு அப்படியே இருந்தன. அந்த வீட்டுக்கு ஏறிப் போகும் படிகள் இருந்தன என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்த ஜெசிந்தாவுக்கும் தெரியாது. அவர் வரும்போதே அவை புதைந்துபோயிருந்தன. கையால் மண்ணைத் தட்டிவிட்டார். ஒரு முறை ஏறினார். இறங்கினார். மறுபடியும் ஏறினார். பிறகு உள்ளே போய், கடலில் இருக்கும் கணவருக்கு, லைன் கிடைக்காது என்று தெரிந்தும் போன் செய்தார்.

சென்ற வாரம் இந்தப் பருவத்தின் முதல் மழை. நல்ல மழை, இரவு முழுவதும் கொட்டியது. காலையில் எங்கள் தெருவில் நீர் நிற்கவில்லை. பழைய சரிவு கிடைத்த மகிழ்ச்சியில் வாய்க்காலைத் தேடிப் போய்விட்டது. என் வீட்டுக்குக் கீழே புதிதாகக் கட்டிய படியில் இறங்கும்போது முழங்கால் சற்று முறையிட்டது. பருவநிலைக் கொள்கை என்பது யாராவது ஒருவர் முழங்காலில் வலித்தால்தான் கொள்கை. வலிக்காதவரை அது வெறும் ஒலிபெருக்கி. இதை என் முழங்காலைத் தடவிக்கொண்டே எழுதுகிறேன்.

ஜெசிந்தாவின் வாசலில் கூட்டமாக இருந்தது. பின்தெருப் பெண்கள் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியபடி வந்திருந்தார்கள். அங்கே நீர் நிற்கிறது. அவர்கள் சாலையும் பழையதன்மேல் போட்டதுதான்.

“ஒம் மிஷின ஒரு நாளைக்கி எங்க தெருவுல கொண்டு வந்து போடேம்ளா.”

“போடுதேன். நானே வந்து தைக்கேன்” என்றார் ஜெசிந்தா. “ஆனா மிஷின் மட்டும் போதாது. கவுன்சிலரு சட்டையோட வரணும்லா.”

அதில்தான் சிக்கல். எங்கள் உறுப்பினர் இப்போதெல்லாம் வார்டுக்குள் பட்டனே இல்லாத டீ-ஷர்ட் அணிந்தே வருகிறார்.